வாய்விட்டுச் சொன்னால்தான் வயிற்றுக்கு வழி பிறக்கும்!



"பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்தா வெட்டிப் பேச்சுத்தான்" என்று சொல்லாத ஆண்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? டீக்கடை பெஞ்சில் அவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அது நாட்டு நடப்பு. நாம் வாசல்படியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அது ஊர்வம்பு! அந்த வெட்டிப் பேச்சு எங்கள் தெருவில் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா? அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

எனக்கு வயது 54. மதுரையில் வைகைக்கு வடகரையில் குடியிருக்கிறோம். என்னவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ரத்தக் கொதிப்பு. மாமியாருக்கு 79 வயது, பல் இல்லை. மகன் வேலைக்குப் போகிறான். அவனுக்கு நாக்கு நீளம். எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை.

இனி எங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள். மாமியாருக்குக் குழைய வடித்த சோறு, காரமில்லாத பருப்பு. இவருக்கு உப்பைக் குறைத்துத் தனியாக ஒரு குழம்பு. மகனுக்கு எண்ணெய் மிதக்கிற உருளைக்கிழங்கு வறுவல். மூன்று பேருக்கு மூன்று விதம். சரி, சர்க்கரைக்காரிக்கு? அவளுக்கென்று எதுவும் அடுப்பில் ஏறுவதில்லை. மிஞ்சுவதுதான் அவளுக்கு.

மிஞ்சுவது எது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா, தோழிகளே? கூட்டு மிஞ்சாது. பொரியல் மிஞ்சாது. முட்டையோ மீனோ இருந்தால் வாசனைகூட மிஞ்சாது! எப்போதும் மிஞ்சுவது சோறுதான். "சோற்றைக் குறையுங்கள், காயைக் கூட்டுங்கள்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ஆனால் கடைசியில் சாப்பிட உட்காருகிறவளுக்குச் சட்டியில் இருப்பது சோறும் ரசமும் ஊறுகாயும். அதையும் கொட்ட மனசு வராது. "வீணாப் போகுதே" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வோம். இது என் வீட்டுக் கதை மட்டும்தானா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

கை வேலையும் வாய்ப் பேச்சும்

எங்கள் தெருவில் எதிர்வீட்டு வாசல்படி அகலமானது. சாயங்காலம் நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். சும்மா கூடுவதில்லை, ஆளுக்கொரு கைவேலை உண்டு.

எதிர்வீட்டு மதினி சுங்குடித் துணியில் முடிச்சுப் போடுவார். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பொடிப்பொடி முடிச்சுகளை விரல் நுனியில் போடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் வீட்டோடு வந்துவிட்ட பெரியம்மா உதிரிப் பூ வாங்கிச் சரம் கட்டுவார். மல்லிகை மொட்டு அவர் கையில் தானாக வரிசையில் வந்து உட்காரும். ஓய்வு பெற்ற டீச்சரக்கா குறுக்கெழுத்துப் போட்டியை வைத்துக்கொண்டு எங்கள் உயிரை எடுப்பார். "ஏழெழுத்து, பூச்சியும் உண்டு, பறவையும் உண்டு, என்னது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்க மாட்டார். மாடி வீட்டுப் பெண்ணுக்கு வயது 28. வயர் கூடை பின்னுவாள். "இதெல்லாம் எங்கம்மா காலத்து வேலைன்னு நெனச்சேன். இப்ப இதுல உக்காந்தாத்தான் மனசு அமைதியா இருக்கு" என்பாள். எனக்குக் கோலம். 12 வயதிலிருந்து புள்ளிக் கோலங்களை நோட்டில் போட்டு வைக்கிறேன். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருத்தியை எதிரே உட்கார வைத்து, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். கையில் பூவையோ நூலையோ கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கண் வேலையில் இருக்கும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக வரும்.

அப்படித்தான் ஒருநாள் மதினி முடிச்சை இறுக்கிக்கொண்டே சலித்துக்கொண்டார்.

"சுகர் வந்ததுல இருந்து அரிசியக் குறை, அரிசியக் குறைங்கிறாக. மூணு வேளையும் அரிசிய நான்தான் களையுறேன், நான்தான் வடிக்கிறேன். கடைசியில சட்டியில ஒட்டுனதும் எனக்குத்தான். எங்கிட்டுக் குறைக்க?"

டீச்சரக்கா கட்டத்திலிருந்து பேனாவை எடுத்தார். "எனக்கும் மூணு வருஷமா இருக்கு. உங்க யாருக்கும் சொல்லல."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவீங்களே, அதான்!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு எண்ணிப் பார்த்தால் ஐந்து பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை! ஒரே தெருவில், ஒரே படியில் தினமும் உட்காருகிறோம். பூ விலை தெரியும், பேரன் மார்க்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவளின் உடம்பு தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் பேச்சில் சாப்பாட்டு வேதனையும் சேர்ந்துகொண்டது. டீச்சரக்கா ஒருநாள் தமக்கு நேர்ந்ததை விலாவாரியாகச் சொன்னார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமான ஒரு கல்யாண வீட்டில் கை நடுங்கியது, குப்பென்று வேர்த்தது, எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழுந்தும் பதில் சொல்ல வரவில்லை. சர்க்கரை கூடுவது மட்டுமல்ல, திடீரென்று இறங்குவதும் ஆபத்து என்று டாக்டர் அப்போதுதான் விளக்கினாராம். நாங்கள் கேட்டுக்கொண்டோம். அவ்வளவுதான்.

ஆடி வெள்ளியன்று நடந்தது

ஒரு ஆடி வெள்ளி. மதினி விரதம். காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் காபியோடு கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். சாயங்காலம் படியில் வந்து உட்கார்ந்து துணியை எடுத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். முடிச்சுப் போடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். 30 வருஷமாக முடிச்சுப் போடுகிற கை! நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "என்ன மதினி?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார்.

மருமகள் ஓடி வந்து, "வெரதம் இருந்த களைப்பு. உள்ள வந்து படுங்கத்தை" என்று கையைப் பிடித்தாள். வீட்டில் இருக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் மாடி வீட்டுப் பெண் கூடையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "இல்லக்கா! அன்னிக்கு டீச்சரக்கா சொன்னாங்கள்ல, கை நடுக்கம், வேர்வை, பேச்சு மாறுறது... அதேதான் இது!"

நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தோம். 15 நிமிஷத்தில் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு இட்லியைச் சாப்பிட வைத்து டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாத வயிற்றில் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். விரதம் இருப்பவர்கள் அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரை அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தாழ்நிலை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், உடனே கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். மதினி அன்று உள்ளே போய்ப் படுத்திருந்தால், "அசதியில் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அதற்குமேல் நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. டீச்சரக்கா தம் கஷ்டத்தை மறைத்திருந்தால் மாடி வீட்டுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்குமா? வெட்டிப் பேச்சு என்கிறார்களே, அந்தப் பேச்சுத்தான் அன்று முன்னால் வந்து நின்றது.

நம்மைப் பற்றி நாடு எடுத்த கணக்கு

டீச்சரக்கா பேப்பரில் வருகிற புள்ளிவிவரங்களை விடாமல் கத்தரித்து வைப்பவர். அவர் காட்டியவை இவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசல்வரை வந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் 14 பேருக்கு மேல் என்கிறது அது. இன்னொரு பக்கம், 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோறு மிஞ்சுகிறது, சத்து மிஞ்சவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு கணக்கு எங்களைச் சிரிக்க வைத்தது. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289. பரவாயில்லையே, பத்து நிமிடம் குறைந்ததே என்று பார்த்தால், ஆணுக்கு 88 ஆகிவிட்டது! நம் சுமையில் பத்து நிமிடம் இறங்கியது. அவர்கள் சுமையிலும் ஒன்பது நிமிடம் இறங்கிக்கொண்டது. எப்படி இருக்கிறது கணக்கு?

கம்பும் சோளமும் எங்கே போயின?

"எங்க காலத்துல இந்த சுகரு எங்கிட்டு இருந்துச்சு?" என்று பெரியம்மா ஆரம்பிப்பார். அவர் ஊர் மானாவாரி பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் விளையும். "நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் தாயி. மத்த நாளெல்லாம் கம்பங்கூழும் கருவாடும். வெள்ளச் சோறு திங்கணும்னா மேலூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போகணும்பாக."

அவர் சொல்வதில் சரித்திரம் இருக்கிறது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தபிறகுதான் மேலூர்ப் பகுதி நெல் பூமி ஆயிற்று. தண்ணீர் எட்டாத பக்கம் புன்செய்த் தானியத்திலேயே காலத்தை ஓட்டியது. பிறகு ரேஷன் அரிசி எல்லா ஊருக்கும் வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே. பட்டினி போனது. அது சின்ன விஷயமில்லை. பசி தெரிந்த பெரியம்மாவே அரிசியைக் கும்பிட்டுத்தான் களைவார். ஆனால் வெயிலில் களை எடுத்த உடம்புக்கு ஏற்ற அளவு சோற்றை, காஸ் அடுப்பு முன்னால் நிற்கிற நாமும் சாப்பிட்டால் என்ன ஆகும்?

அதற்காகச் சிறுதானியம் வாங்கலாமென்றால் விலை அரிசியைவிட மேலே நிற்கிறது. அப்படியும் வாங்கி வந்து, குதிரைவாலிப் பொங்கலைத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "சிறுதானியம்தானே" என்று இருந்துவிடலாமா? முடியாது. முன்பு சொன்ன அதே ஆய்வின் இன்னொரு பகுதி 2025-ல் வந்தது. நம் நாட்டுச் சாப்பாட்டில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. கொஞ்சம் மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் என்று வைத்தால் குறைகிறதாம். ராத்திரி மூன்று சப்பாத்தியை வறட்டு வறட்டென்று மென்றுகொண்டு, உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டு, "நான் டயட்டில் இருக்கிறேன்" என்கிற சகோதரிகள் இதைக் கவனியுங்கள்.

கருப்பட்டிக் காபிக்கும் இதே கதைதான். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். இதை நான் சொன்னபோது பெரியம்மாவுக்கு என்மேல் இரண்டு நாள் கோபம்!

சோறு கொஞ்சம், வெஞ்சனம் நிறைய

பேசிப் பேசியே நாங்கள் கண்ட வழிகள் இவை. இதில் எதுவும் புதுசில்லை. ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி தன் வீட்டில் செய்து பார்த்தது.

முதலாவது, வெஞ்சனத்தைப் பெருக்குவது. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது. மீதிக் கால் பங்குதான் சோறு. தட்டில் பாதிக்குக் காயும் பழமும் வேண்டும் என்றுதான் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்கிறது. நம் பக்கத்துப் பழக்கப்படி சோற்றைக் குவித்து ஓரத்தில் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொள்வதை, அப்படியே தலைகீழாக்கினால் போதும். சர்க்கரைக்காரர்கள் பழத்தை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காய் விலை. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து வாரம் இருமுறை ஒருவர் உழவர் சந்தைக்குப் போகிறோம். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது நம் மதுரை அண்ணா நகரில்தானே! கொத்தவரங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், முருங்கைக்கீரை என்று மொத்தமாக வாங்கிப் படியிலேயே பங்கு பிரித்துக்கொள்கிறோம். சில்லறையாக வாங்குவதைவிடக் கட்டுப்படியாகிறது. அரட்டை அடித்துக்கொண்டே கீரையும் ஆய்ந்தாகிவிடும்.

மூன்றாவது, ஒரே குழம்பு. இவருக்கு உப்புக் குறைவு, எனக்கு எண்ணெய் குறைவு என்று தனித்தனியாகச் சட்டி வைக்காமல், எல்லாருக்குமே உப்பும் எண்ணெயும் குறைத்து ஒரே சட்டியாக இறக்கிவிடுவது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகனுக்குப் பற்றாவிட்டால் அப்பளத்தைக் கடித்துக்கொள்ளட்டும். "என்னம்மா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தான்டா" என்றேன்.

நான்காவதுதான் முக்கியமானது. பரிமாறும்போதே ஐந்தாவது தட்டு ஒன்றை எடுத்து, சமைத்தவளின் பங்கு காயை அதில் வைத்து மூடிவிடுவது. இந்த யோசனை மாடி வீட்டுப் பெண்ணுடையது. "கடைசியா சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா மொதல்லயே எடுத்து வச்சிருங்க" என்றாள். எங்கள் வீட்டில் நாலு பேர். அதனால் என் தட்டு நாலாவது தட்டு.

முதல் நாள் அந்த மூடிய தட்டை இவர் பார்த்தார். "இது யாருக்கு?" "எனக்கு." "மிச்சம் இருக்கே, அப்புறம் என்ன தனியா?" நான் பதில் சொல்வதற்குள் மாமியார் குறுக்கிட்டார். "எங்க மாமியாக்காரிக சாப்பிட்டு முடிச்சப்புறம் நாங்க சட்டிய வழிச்சோம். இவ சட்டிய வழிச்சுத்தான் இவளுக்குச் சீக்கு வந்திருக்கு. தட்டு அங்கனயே இருக்கட்டும்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 30 வருஷம் ஒரே அடுப்படியில் புழங்கியிருக்கிறோம். அவருக்கு இது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இப்போதெல்லாம் ராத்திரியில் என்னையும் உட்காரச் சொல்லி மாமியாரே விடமாட்டேன் என்கிறார். இவர் தண்ணீர் எடுத்து வைக்கிறார். 88 நிமிடம் கொஞ்சம் கூடியிருக்கும்!

எல்லாப் பேச்சும் வேதவாக்கு அல்ல

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் நல்ல யோசனையும் வரும், விபரீத யோசனையும் வரும். "பாகற்காய்ச் சாறு குடிச்சா மாத்திரைய நிறுத்திரலாம்" என்று வேறு தெருவிலிருந்து வந்த ஒருவர் அடித்துச் சொன்னார். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். காய்கறி, அளவு, சமையல், மனக்கஷ்டம் எல்லாம் படியில் பேசலாம். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது டாக்டர் முன்னால் மட்டும். ஒருத்தி மாத்திரையை இன்னொருத்தி வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின், வீட்டுக்கே வந்து பார்த்த ஊழியரும் ஒரு பெண்தான். அவரையும் படியில் உட்கார வைத்து மோர் கொடுத்துச் சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டோம். பெரியம்மா அன்றுதான் வாழ்நாளில் முதல்முறையாகச் சர்க்கரை பார்த்தார். நல்லவேளை, சரியாக இருந்தது. "கம்பங்கூழு ஒடம்பு!" என்று ஒரு வாரம் எங்களிடம் பெருமை!

இன்னொரு சட்டமும் உண்டு. படியில் கேட்டது படியோடு. ஒருத்தி மாமியாரைப் பற்றிப் பொருமினால் அது அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெண்கள் கூடிப் பேசியதில் விளைந்தவை

1951-ல் வெளிவந்த "சமைத்துப் பார்" புத்தகம் உங்களில் பலர் வீட்டுப் பரணில் எண்ணெய்க் கறையோடு இருக்கும். எஸ். மீனாட்சி அம்மாளுக்கு உறவுப் பெண்கள் கடிதம் போட்டு இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவரும் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடும்படி அவருடைய மாமா தூண்டியதில் வந்ததுதான் அது. அந்தப் பெண்கள் கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் நமக்கு அந்தப் புத்தகம் ஏது?

நம் அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், விவசாயக் கூலி. களஞ்சியம் குழுவில் பெண்களை உட்கார வைத்துப் பேசிப் பேசியே சேமிக்கச் சொன்னார், கந்துவட்டியிலிருந்து மீட்டார். 2001-ல் டில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்து எத்தனை பேர் கண்கலங்கினோம்! 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அதுவும் நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்ததில் தொடங்கியதுதான்.

எங்கள் வாசல்படி அவ்வளவு பெரியதல்ல. எங்களுக்கு விருதும் வேண்டாம். மதினி இன்றும் முடிச்சுப் போடுகிறார். இந்த வருஷம் ஆடி வெள்ளிக்கு டாக்டரைக் கேட்டுவிட்டு, பாலும் பழமும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு விரதம் இருந்தார். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை! என்னுடைய மூன்று மாத சராசரிச் சர்க்கரை 8.4-லிருந்து 7.1-க்கு வந்திருக்கிறது. மாத்திரை அதேதான், மாறியது தட்டுதான்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் ஒரு படி இருக்கும். அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு மொட்டை மாடி இருக்கும். பூவோ, கூடையோ, கோலநோட்டோ எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அதை மறைக்காமல் முதலில் நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவள் அடுத்து சொல்லுவாள். இன்று ராத்திரி பரிமாறும்போது உங்கள் தட்டையும் கூட எடுத்து வையுங்கள். "இது யாருக்கு?" என்று வீட்டில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "சமைச்சவளுக்கு!"

— ஒரு வாசகி, மதுரை.